அரும்பொருளகத்தில் ஒரு வெண்திரை



அரும்பொருளகம் என்றதும் நம் கண்முன் வருபவை எவை? கண்ணாடிப் பேழைக்குள் கிடக்கும் பழைய நாணயம், துருப்பிடித்த வாள், யாரோ ஒரு மன்னர் அணிந்த அங்கி. பக்கத்தில் ஒரு சிறிய அட்டையில் பெயரும் ஆண்டும் எழுதப்பட்டிருக்கும். நாம் நின்று பார்க்கிறோம், படிக்கிறோம், அடுத்த பேழைக்கு நகர்ந்து விடுகிறோம். அந்தப் பொருள்கள் நம்மிடம் வேறொன்றும் கேட்பதில்லை.

ஆனால், திரைப்படத்தை இப்படிப் பேழைக்குள் வைத்துக் காட்ட முடியுமா? ஒரு தகர டின்னைத் திறந்து, உள்ளே சுருட்டி வைத்திருக்கும் படச்சுருளைக் கண்ணாடிக்குள் வைத்தால், பார்ப்பவர் கண்ணுக்குத் தெரிவது கறுத்த நாடா மட்டுமே. படம் அதற்குள் இருக்கிறது. ஆயினும் அது இன்னும் படம் ஆகவில்லை. ஒளி வேண்டும், ஓட்டும் கருவி வேண்டும், வெண்திரை வேண்டும், இருட்டு வேண்டும், அந்த இருட்டில் கூடி உட்கார்ந்திருக்கும் மக்களும் வேண்டும். இவையெல்லாம் சேரும் அந்த இரண்டு மணி நேரத்துக்குத்தான் படம் படமாக இருக்கிறது. ஆகவே, திரைப்படத்தைக் காக்க விரும்பும் அரும்பொருளகம் அதைத் திரையிட்டே ஆகவேண்டும். பூட்டி வைப்பதும் காட்டுவதும் இங்கே ஒரே கடமையின் இரு பாதிகள்.

இன்று உலகின் பல நகரங்களில் அரும்பொருளகங்கள் தமக்கெனத் திரையரங்கு வைத்திருக்கின்றன. ஒரு நாள் 100 ஆண்டுக்கு முந்திய பேசாப் படம். மறுநாள் சென்ற ஆண்டு எடுத்த புதுப்படம். பழையதைக் காட்டுவது அரும்பொருளகத்துக்குப் பொருந்தும். புதியதற்கு அங்கே என்ன வேலை என்று சிலர் கேட்கக்கூடும். நியாயமான கேள்விதான். இதற்கு விடை காண, இந்த முயற்சியை முதலில் தொடங்கிய இடங்களுள் ஒன்றான நியூயார்க் நகரின் நவீன கலை அரும்பொருளகத்துக்குச் செல்வோம்.

1929ஆம் ஆண்டு நவம்பர் மாதத்தில் அந்த அரும்பொருளகம் திறக்கப்பட்டது. அதன் முதல் இயக்குநர் ஆல்பிரட் பார். அப்போது அவருக்கு வயது 27. ஓவியமும் சிற்பமும் மட்டும் இந்த நூற்றாண்டின் கலைகள் அல்ல. நிழற்படம், கட்டடக்கலை, திரைப்படம் ஆகியவற்றுக்கும் அரும்பொருளகத்தில் இடம் வேண்டும் என்று தொடக்கத்திலேயே அவர் எண்ணினார். திரைப்படத்தைச் சந்தைச் சரக்கு என்று நினைத்திருந்த காலம் அது. ஓவியத்துக்குப் பக்கத்தில் அதற்கும் ஓர் ஆசனம் என்பது பலருக்கு வேடிக்கையாகப்பட்டது.

அந்தக் காலத்தில் பழைய படங்களின் கதி என்னவாக இருந்தது என்பதையும் நாம் தெரிந்துகொள்ள வேண்டும். 1927க்குப் பிறகு பேசும் படம் வந்தது. மூன்று நான்கு ஆண்டுகளுக்குள் பேசாப் படங்களுக்குச் சந்தை இல்லாமல் போயிற்று. படக் கம்பெனிகளின் கிடங்குகளில் அவை வெறும் சுமையாகிவிட்டன. படச்சுருளின் மேல் பூசப்பட்டிருக்கும் ரசாயனப் பூச்சில் வெள்ளி கலந்திருக்கிறது. அந்த வெள்ளியைப் பிரித்தெடுத்தால் காசு கிடைக்கும் என்பதற்காக எத்தனையோ படங்கள் அழிக்கப்பட்டன. தீயில் எரிந்தவை பல. கவனிப்பாரின்றி மக்கியவை பல. அமெரிக்க நாடாளுமன்ற நூலகம் 2013இல் ஓர் ஆய்வை வெளியிட்டது. அமெரிக்காவில் எடுக்கப்பட்ட ஏறத்தாழ 11,000 முழுநீளப் பேசாப் படங்களுள், முதலில் வெளிவந்த வடிவிலேயே இன்று எஞ்சி இருப்பவை சுமார் 14 விழுக்காடுதான் என்று அந்த ஆய்வு கூறுகிறது. நூறு புத்தகங்கள் இருந்த அலமாரியில் பதினான்கை மட்டும் விட்டுவிட்டு மற்றவற்றைக் கரையான் தின்றுவிட்டது போன்ற நிலை இது.

இந்தச் சூழ்நிலையில்தான், 1935ஆம் ஆண்டில், ராக்கபெல்லர் அறநிறுவனத்தின் பண உதவியோடு நவீன கலை அரும்பொருளகம் ஒரு திரைப்பட நூலகத்தைத் தொடங்கியது. அதன் பொறுப்பை ஏற்றவர் ஐரிஸ் பேரி என்னும் அம்மையார். இங்கிலாந்தில் பிறந்தவர், செய்தித்தாள்களில் திரைப்பட விமர்சனம் எழுதியவர், 1925இல் லண்டனில் திரைப்படச் சங்கம் அமைத்தவர்களுள் ஒருவர்.

நூலகம் என்றால் நூல் வேண்டும் அல்லவா? படங்களோ கம்பெனிகளின் கையில் இருந்தன. எனவே, 1935ஆம் ஆண்டுக் கோடையில் ஐரிஸ் பேரியும், நூலகத்தின் இயக்குநராக இருந்த அவருடைய கணவர் ஜான் அபட்டும் ஹாலிவுட்டுக்குப் பயணமானார்கள். புகழ்பெற்ற நடிகை மேரி பிக்போர்ட் தம் இல்லத்தில் ஒரு விருந்து ஏற்பாடு செய்தார். படத் தயாரிப்பாளர்களும் இயக்குநர்களும் நடிகர்களும் அங்கே கூடினார்கள். அவர்களுக்குப் பழைய படங்களின் துண்டுகள் திரையிட்டுக் காட்டப்பட்டன. தங்கள் தொழிலின் இளமைக் காலத்தைத் திரையில் கண்ட பிறகு அவர்களிடம் உதவி கேட்பது எளிதாயிற்று. ‘இவற்றை நாங்கள் வணிகத்துக்குப் பயன்படுத்தமாட்டோம், படிப்புக்கும் ஆராய்ச்சிக்கும் மட்டுமே காட்டுவோம்’ என்பதுதான் அரும்பொருளகம் அளித்த உறுதி. படத்தின் உரிமை கம்பெனியிடமே இருக்கும். பிரதி மட்டும் அரும்பொருளகத்தில் இருக்கும். இந்த ஏற்பாடு பலருக்கும் ஏற்புடையதாக இருந்தது. இன்றும் உலகெங்கும் உள்ள திரைப்படக் காப்பகங்கள் பலவும் இப்படிப்பட்ட நம்பிக்கையின் மேல்தான் நடந்து வருகின்றன.

அடுத்த ஆண்டே, அதாவது 1936இல், சேர்த்த படங்களைத் தொகுத்துக் கல்லூரிகளுக்கும் பிற அரும்பொருளகங்களுக்கும் அவர்கள் வாடகைக்கு அனுப்பத் தொடங்கினார்கள். ஒவ்வொரு படத்துடனும் அதன் வரலாற்றை விளக்கும் குறிப்பும் சென்றது. அதே ஆண்டில் ஐரோப்பாவுக்கும் போய், பல நாட்டுப் படங்களைத் தேடிக் கொண்டு வந்தார்கள். 1938இல் நியூயார்க், லண்டன், பாரிஸ், பெர்லின் ஆகிய நான்கு நகரங்களின் காப்பகங்கள் ஒன்றுகூடி அனைத்துலகத் திரைப்படக் காப்பகக் கூட்டமைப்பை நிறுவின. 1939இல் அரும்பொருளகம் புதிய கட்டடத்துக்கு மாறியபோது அதன் அடித்தளத்தில் ஒரு திரையரங்கு அமைந்தது. அன்று முதல் பொதுமக்களுக்குப் படக்காட்சிகள் வழக்கமாக நடைபெறலாயின.

ஆனால், நேயர்களே, திரையரங்கு கட்டிவிட்டால் போதுமா? பார்ப்பவர் மனமும் பழக வேண்டும் அல்லவா? தொடக்கத்தில் வந்த கூட்டத்தில் பலர் பழைய படங்களைக் கண்டு கேலியாகச் சிரித்தார்கள். பழைய உடையும், மிகையான கையசைவும் அவர்களுக்கு வேடிக்கையாக இருந்தன. ஐரிஸ் பேரி ஓர் உபாயம் செய்தார். கூச்சல் அடங்காவிட்டால் காட்சி நிறுத்தப்படும் என்னும் எச்சரிக்கையைத் திரையிலேயே காட்டச் செய்தார். பள்ளிக்கூட ஆசிரியை பிரம்பை எடுத்து மேசைமேல் வைப்பது போன்ற செயல்தான். ஆனால், அதற்குள் ஒரு கருத்து இருந்தது. பழைய படத்தை அதன் காலத்தின் கண்கொண்டு பார்க்கப் பழக வேண்டும் என்பதே அது.

பார்ப்பவர் சிரித்ததற்கு இன்னொரு காரணமும் உண்டு. அது கருவி சம்பந்தப்பட்டது. பேசும் படம் நொடிக்கு 24 படங்கள் என்ற கணக்கில் ஓடுகிறது. பேசாப் படக் காலத்தில் இப்படி ஒரே அளவு இருக்கவில்லை. ஒளிப்பதிவாளர் கையால் சுழற்றிப் படம் பிடித்தார். நொடிக்கு 16 படம் பிடித்தவரும் உண்டு, 20க்கு மேல் பிடித்தவரும் உண்டு. நொடிக்கு 16 என்று எடுத்த படத்தை 24 என்று ஓட்டினால் என்ன ஆகும்? ஒரு மணி நேரப் படம் 40 நிமிடத்தில் முடிந்துவிடும். நடப்பவர் ஓடுவார், அழுபவர் துள்ளுவார். சோகக் காட்சியும் நகைச்சுவை ஆகிவிடும். ‘அந்தக் காலத்துப் படம் என்றாலே இப்படித்தான் குதிக்கும்’ என்று நம்மில் பலர் எண்ணிக் கொண்டிருப்பதற்கு இந்தத் தவறான வேகமும் ஒரு காரணம். ஆகவே, அரும்பொருளகத்தின் படம் காட்டும் அறையில் வேகத்தைக் கூட்டவும் குறைக்கவும் வசதியுள்ள கருவி இருக்க வேண்டும். பேசாப் படம் என்பதால் ஓசை இல்லாமல் பார்த்தார்கள் என்பதும் சரியன்று. திரைக்கு அருகே ஒருவர் பியானோ வாசிப்பார். பெரிய அரங்குகளில் இசைக்குழுவே இருக்கும். நியூயார்க் அரும்பொருளகத்திலும் 1939 முதல் ஏறத்தாழ 28 ஆண்டுகள் ஆர்தர் கிளைனர் என்னும் இசைவாணர் பேசாப் படங்களுக்குப் பியானோ வாசித்து வந்தார்.

படச்சுருளைக் கையாளும் முறையையும் சற்றுப் பார்ப்போம். திரையரங்குகளில் ஓடும் 35 மில்லிமீட்டர் சுருளில் ஓர் அடி நீளத்துக்கு 16 படங்கள் உள்ளன. நொடிக்கு 24 என்றால் நிமிடத்துக்கு 90 அடி ஓடுகிறது. இரண்டு மணி நேரப் படம் என்றால் 10,800 அடி. அதாவது 3 கிலோமீட்டருக்கும் மேல். இவ்வளவு நீளத்தையும் ஒரே சுருளாகச் சுற்ற முடியாது. ஆகவே 2,000 அடிச் சுருள்களாகப் பிரித்து வைப்பார்கள். ஒவ்வொன்றும் ஏறத்தாழ 22 நிமிடம் ஓடும். தோட்டப்புறங்களில் திடலில் வெள்ளைத் துணி கட்டிப் படம் பார்த்த அனுபவம் உள்ள நேயர்களுக்கு நினைவிருக்கும். கருவி ஒன்றே இருக்கும். ஒரு சுருள் முடிந்ததும் படம் நின்றுவிடும். அடுத்த சுருளை மாட்டும் வரை பிள்ளைகள் கூச்சல் போடுவார்கள். அரங்கில் இரண்டு கருவிகள் இருக்கும். ஒரு சுருள் முடிய எட்டு நொடி இருக்கும்போது திரையின் வலது மேல் மூலையில் ஒரு சிறு வட்டம் மின்னி மறையும். அதைக் கண்டதும் படம் ஓட்டுபவர் இரண்டாவது கருவியை இயக்குவார். மீண்டும் ஒரு வட்டம் தோன்றும். அந்த நொடியில் ஒளியை மாற்றிவிடுவார். பார்ப்பவருக்கு எதுவும் தெரியாது. 2010ஆம் ஆண்டையொட்டிய காலத்தில் வணிகத் திரையரங்குகள் பெரும்பாலும் மின்னிலக்க முறைக்கு மாறிவிட்டன. இந்தக் கைத்தொழிலை இன்றும் விடாமல் காப்பாற்றி வருபவற்றுள் முக்கியமானவை அரும்பொருளகங்களும் காப்பகங்களுமே.

இனி, படச்சுருளின் ஆயுளைப் பற்றியும் ஒரு வார்த்தை. 1950களின் தொடக்கம் வரை திரையரங்குப் படங்கள் பெரும்பாலும் நைட்ரேட் என்னும் வகைச் சுருளில் வந்தன. அதில் காட்சி மிகத் துல்லியமாகத் தெரியும். ஆனால், அது எளிதில் தீப்பிடிக்கும். பிடித்தால் அணைப்பது அரிது. எரிவதற்கு வேண்டிய பிராணவாயுவை அதுவே வெளியிடுவதால் தண்ணீருக்குள் அமிழ்த்தினாலும் எரியும். தீப்பிடிக்காவிட்டாலும் நாளடைவில் பிசுபிசுத்து, ஒன்றோடொன்று ஒட்டி, கடைசியில் பொடியாகிப் போகும். அதற்குப் பின் வந்த அசிட்டேட் சுருள் அப்படித் தீப்பற்றாது. ஆயினும் வெப்பமும் ஈரமும் பட்டால் அது சிதையத் தொடங்கி வினிகர் நெடி அடிக்கும், சுருங்கும், வளையும். நம் நாடுகளின் தட்பவெப்ப நிலை இதற்கு எவ்வளவு கெடுதல் என்று சொல்ல வேண்டியதில்லை. குளிர்ச்சியான, ஈரமில்லாத அறை ஒன்றே மருந்து. 1996இல் நவீன கலை அரும்பொருளகம் பென்சில்வேனியா மாநிலத்தில் ஹேம்லின் என்னும் ஊரில் ஒரு காப்பு நிலையத்தைத் திறந்தது. அங்கே நைட்ரேட் சுருள்களுக்குத் தனிக் கட்டடமே உண்டு. மூலச்சுருள் அங்கே குளிரில் உறங்கும். அதிலிருந்து எடுத்த பிரதியே நியூயார்க் திரையில் ஓடும். ‘விதைநெல்லைச் சமைக்காதே’ என்று நம் உழவர்கள் சொல்வதும் இதே நியாயந்தான்.

இப்படிப் பாதுகாத்ததனால் விளைந்த பயனுக்கு ஓர் எடுத்துக்காட்டு. 1930களின் இறுதியில், பயோகிராப் என்னும் பழைய படக் கம்பெனியின் நெகட்டிவ் சுருள்களை ஐரிஸ் பேரி அரும்பொருளகத்துக்குப் பெற்றுவந்தார். அவற்றுக்கிடையே பெயர் எழுதப்படாத சில சுருள்கள் இருந்தன. பல ஆண்டுகளுக்குப் பிறகே அவை என்னவென்று தெரியவந்தது. பெர்ட் வில்லியம்ஸ் என்னும் புகழ்பெற்ற கறுப்பின நகைச்சுவை நடிகரைக் கதாநாயகராக வைத்து, கறுப்பின நடிகர் பலரோடு 1913இல் எடுக்கப்பட்டு, முடிக்கப்படாமலே கைவிடப்பட்ட படம் அது. அரும்பொருளகத்தார் அந்தத் துண்டுகளை ஒழுங்குபடுத்தி 2014இல் திரையிட்டார்கள். எடுக்கப்பட்டு 101 ஆண்டுகளுக்குப் பிறகு மக்கள் அதைப் பார்த்தார்கள். கறுப்பின மக்களைக் கேலிப்பொருளாக மட்டுமே காட்டிய காலம் என்று நாம் எண்ணும் அந்த ஆண்டுகளில், ஓர் இளம் காதலர் இணை கைகோத்துச் சிரித்து மகிழ்வதைத் திரை காட்டியது. பெயர் தெரியாத அந்த டின்களை அன்று யாராவது ‘குப்பை’ என்று ஒதுக்கியிருந்தால், இந்தச் சாட்சியம் உலகுக்குக் கிடைத்தே இராது.

பழையதைக் காக்கும் காரணம் விளங்கிவிட்டது. புதியதைக் காட்டும் காரணத்தை இப்போது பார்ப்போம். இதற்கு மிகச் சிறந்த எடுத்துக்காட்டு நம் ஆசியாவிலிருந்தே, இந்தியாவிலிருந்தே கிடைக்கிறது.

1954ஆம் ஆண்டு. நியூயார்க் அரும்பொருளகத்தைச் சேர்ந்த மன்றோ வீலர், இந்தியத் துணிகளையும் அணிகலன்களையும் கொண்டு ஒரு கண்காட்சி நடத்துவதற்காகக் கல்கத்தா வந்திருந்தார். அங்கே சத்யஜித் ராய் என்னும் விளம்பர ஓவியர், நண்பர்களைச் சேர்த்துக்கொண்டு ஒரு படம் எடுத்துக் கொண்டிருந்தார். கையில் பணமில்லை. மனைவியின் நகைகளை அடகு வைத்தார். பணம் கிடைக்கும்போது படப்பிடிப்பு, கிடைக்காதபோது காத்திருப்பு. 1952இல் தொடங்கிய வேலை முடிவுறாமல் இழுத்துக்கொண்டிருந்தது. அந்தப் படத்தின் நிழற்படங்கள் சிலவற்றைப் பார்த்த வீலர், படம் முடிந்தால் எங்கள் அரும்பொருளகத்தில் காட்டலாம் என்று அழைப்பு விடுத்தார். பின்னர் இந்தியா வந்த ஹாலிவுட் இயக்குநர் ஜான் ஹியூஸ்டன் வீலரின் வேண்டுகோளின்படி அப்படத்தின் ஒரு பகுதியைப் பார்த்து, நல்ல சொல் சொன்னார். மேற்கு வங்காள அரசு பண உதவி செய்தது. ரவிசங்கர் இசையமைத்தார். இரவு பகலாக வெட்டி ஒட்டும் வேலையை முடித்து, பிரதியை விமானத்தில் ஏற்றி அனுப்பினார்கள். மொழிபெயர்ப்பு வரிகள் சேர்க்கக்கூட நேரமில்லை.

அந்தப் படந்தான் ‘பதேர் பாஞ்சாலி’. 1955ஆம் ஆண்டு மே மாதம் 3ஆம் நாள் அது நியூயார்க் அரும்பொருளகத்தில் முதன்முதலாகத் திரையிடப்பட்டது. வங்காளி மொழி அறியாத கூட்டம் வங்காளக் கிராமத்துப் பிள்ளைகளின் கதையைக் கண்டது. கல்கத்தாவில் அப்படம் வெளியானது அதற்குப் பிறகு, ஆகஸ்டு மாதத்தில்தான். அடுத்த ஆண்டு கான் திரைப்பட விழாவில் அதற்குச் சிறப்புப் பரிசு கிடைத்தது. சொந்த ஊரில் ஓடுமா ஓடாதா என்று எவருக்கும் தெரியாத நிலையில், முன்பின் அறியாத ஓர் இளைஞரின் முதல் படத்துக்கு ஓர் அரும்பொருளகம் கதவைத் திறந்து வைத்தது. பழைய பெருமைகளை மட்டும் காட்டுவோம் என்று அது இருந்திருந்தால், அந்த அழைப்பு போயிருக்குமா?

கதை இதோடு முடியவில்லை. 1992இல் ராய் மறைந்தார். அவருடைய படங்களின் மூல நெகட்டிவ்கள் செப்பனிடுவதற்காக லண்டனில் ஒரு படச்சுருள் நிலையத்தில் வைக்கப்பட்டிருந்தன. 1993 ஜூலை மாதத்தில் அங்கிருந்த நைட்ரேட் சுருள்களில் தீப்பிடித்தது. தீ கிடங்குக்கும் பரவியது. பதேர் பாஞ்சாலியும், அதைத் தொடர்ந்து வந்த அபராஜிதோ, அபுர் சன்சார் ஆகிய படங்களும் கருகின. இனி எதற்கும் உதவாது என்று தோன்றிய அந்தக் கருகிய சுருள்களை லாஸ் ஏஞ்சல்ஸ் நகரில் உள்ள ஆஸ்கார் கழகத்தின் திரைப்படக் காப்பகம் எறியாமல் பத்திரப்படுத்தியது. 20 ஆண்டுகள் சென்றன. 2013இல் தொடங்கி, இத்தாலி நாட்டுப் பொலோனா நகரின் தொழில் வல்லுநர்கள் அவற்றைக் கையிலெடுத்தார்கள். வறண்டு முறுகிய சுருளுக்கு மீண்டும் ஈரம் ஊட்டினார்கள். உருகி ஒட்டியிருந்த பசையை நீக்கினார்கள். கிழிந்த ஓரத்துளைகளை ஒவ்வொன்றாகக் கையால் கட்டினார்கள். ஏறத்தாழ ஆயிரம் மணி நேர உழைப்பு! பதேர் பாஞ்சாலியில் சுமார் 40 விழுக்காட்டையும் அபராஜிதோவில் 60 விழுக்காட்டுக்கு மேலும் மூல நெகட்டிவிலிருந்தே மீட்டார்கள். மூன்றாவது படத்தின் நெகட்டிவ் மீட்க முடியாத அளவு கெட்டிருந்தது. அதற்கும், மற்ற இரண்டில் விடுபட்ட பகுதிகளுக்கும் உலகின் வேறு இடங்களில் இருந்த நல்ல பிரதிகள் கைகொடுத்தன.

மீட்கப்பட்ட பதேர் பாஞ்சாலி எங்கே முதலில் திரையிடப்பட்டது தெரியுமா? 2015ஆம் ஆண்டு மே மாதம் 4ஆம் நாள், அதே நியூயார்க் நவீன கலை அரும்பொருளகத்தில். முதற் காட்சி நடந்து சரியாக 60 ஆண்டும் ஒரு நாளும் ஆகியிருந்தன. அன்று அது புதுப்படம். இன்று அது காலத்தை வென்ற காவியம். படம் ஒன்றே, அரும்பொருளகமும் ஒன்றே. இடையில் நின்றது காலம் மட்டுமே. இன்றைய புதுப்படந்தான் நாளைய பழம்படம். இன்று அதைக் கண்டுகொண்டு, காட்டி, ஒரு பிரதியைப் பத்திரமாக வைத்தால்தான் நாளைக்கு அது இருக்கும். இதுவே அரும்பொருளகத்தில் புதுப்படத்துக்கு இடம் எதற்கு என்ற கேள்விக்கு விடை. 1972 முதல் அந்த அரும்பொருளகம், லிங்கன் மையத் திரைப்பட அமைப்போடு சேர்ந்து, புதிய இயக்குநர்களின் படங்களுக்கென்றே ஆண்டுதோறும் ஒரு விழா நடத்தி வருவதும் இந்த நோக்கத்தால்தான்.

நேயர்களே, இந்தப் பாடத்தை நம் பக்கம் திருப்பிப் பார்த்தால் நெஞ்சு கனக்கிறது. 1910களின் பிற்பகுதியில் சென்னையில் நடராஜ முதலியார் எடுத்த ‘கீசக வதம்’ தென்னிந்தியாவின் முதல் கதைப்படம் எனப்படுகிறது. இன்று அதில் ஓர் அடிச் சுருள்கூட இல்லை. 1931இல் டி.பி. ராஜலட்சுமி நடித்து வெளிவந்த முதல் தமிழ்ப் பேசும் படமான ‘காளிதாஸ்’ இன்று பார்க்கக் கிடைக்கவில்லை. பாட்டுப் புத்தகமும் விளம்பரமும் பெரியவர்களின் நினைவும் மட்டுமே மிஞ்சின. இந்தியத் தேசியத் திரைப்படக் காப்பகம் புனே நகரில் 1964இல் நிறுவப்பட்டபோது, அந்த முதல் தலைமுறைப் படங்கள் பல ஏற்கனவே போய்விட்டிருந்தன. மலாய்ப் படவுலகின் நிலையும் வேறல்ல. பி.என். ராவ் என்னும் இந்திய இயக்குநர் 1957இல் சிங்கப்பூரில் எடுத்து, கூட்டம் கூட்டமாக மக்கள் பார்த்த ‘பொந்தியானாக்’ என்னும் பேய்ப்படமும் இன்று கிடைப்பதில்லை.

ஆயினும் முழுவதும் இருட்டாகிவிடவில்லை. 2005இல் சிங்கப்பூரில் ஆசியத் திரைப்படக் காப்பகம் தொடங்கப்பட்டது. கேத்தே-கெரிஸ் நிறுவனத்தின் மலாய்ப் படங்கள் 91 அதன் பாதுகாப்பில் உள்ளன. 2014இல் யுனெஸ்கோவின் ஆசிய பசிபிக் நினைவுப் பதிவேட்டில் அந்தத் தொகுப்பு இடம்பெற்றது. அந்தக் காப்பகம் 2019இல் தேசிய ஆவணக் காப்பகக் கட்டடத்தில் ஓல்டம் அரங்கைத் திறந்து, செப்பனிட்ட பழம்படங்களையும் புதிய ஆசியப் படங்களையும் சேர்த்தே திரையிட்டு வருகிறது.

நாம் செய்யக்கூடியவை என்ன? முதலாவது, இத்தகைய காட்சிகளுக்குப் போக வேண்டும். ஆளில்லாத அரங்குக்கு எந்த அரும்பொருளகமும் நெடுங்காலம் விளக்கேற்ற முடியாது. பழைய படத்துக்குப் போகும்போது, அது எடுக்கப்பட்ட ஆண்டையும் சூழ்நிலையையும் சற்றே அறிந்துகொண்டு போனால் பார்ப்பது இனிக்கும். பிள்ளைகளையும் அழைத்துச் செல்லலாம். பாட்டன் பார்த்த படத்தைப் பேரன் பார்ப்பது எத்தனை குடும்பங்களுக்கு வாய்க்கிறது?

இரண்டாவது, நம் வீட்டு அலமாரியைத் திறந்து பார்க்க வேண்டும். சிலருடைய வீடுகளில் தாத்தா எடுத்த 8 மில்லிமீட்டர் சுருள் ஒன்று இருக்கலாம். ஒரு திருமணம், ஒரு தைப்பூசம், இன்று இல்லாத ஒரு தோட்டத்து லயன் வீடு அதில் பதிந்திருக்கலாம். வினிகர் நெடி அடித்தால் அது நலிந்து வருகிறது என்று அறிந்துகொள்ளுங்கள். ஆவலால் பழைய கருவியில் மாட்டி ஓட்டிப் பார்க்காதீர்கள். சுருங்கிய சுருள் கிழிந்துவிடும். வெயிலும் ஈரமும் படாத குளிர்ந்த இடத்தில் வைத்து, தெரிந்தவர்களிடம் காட்டுங்கள். யார், எங்கே, எந்த ஆண்டு என்று ஒரு தாளில் எழுதி உடன் வையுங்கள். அந்தப் பெயரற்ற பயோகிராப் சுருள்களை அடையாளம் காண எத்தனை ஆண்டு ஆயிற்று என்று பார்த்தோம் அல்லவா?

கைப்பேசியில் எடுத்தவற்றுக்கும் இது பொருந்தும். கருவி மாறும்போது கோப்பும் மாறிப் போகும். ஒரே இடத்தில் வைத்தது போதும் என்று இருந்துவிடாமல், இரண்டு மூன்று இடங்களில் பிரதி வைத்து, சில ஆண்டுகளுக்கு ஒருமுறை புதிய கருவிக்கு மாற்றி வருவது நல்லது.

ஓவியத்தைச் சுவரில் மாட்டிவிட்டால், ஆள் வந்தாலும் வராவிட்டாலும் அது ஓவியந்தான். திரைப்படம் அப்படியன்று. காப்பவர் ஒருவர் வேண்டும். ஓட்டுபவர் ஒருவர் வேண்டும். பார்ப்பவர் பலர் வேண்டும். காப்பவரையும் ஓட்டுபவரையும் அரும்பொருளகம் தரும். பார்ப்பவராக இருக்க வேண்டியவர்கள் நாம். அந்த இடத்தை வெறுமையாக விடாதிருப்போம்.